கிடைக்கு ஓர் இடம்

தை அறுவடை முடிந்து வயல்கள் வெறுந்தாளோடு நிற்கத் தொடங்கியதும் குடவாசலைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இரண்டு வகை வழிப்போக்கர்கள் வருவது வழக்கம். ஒருவர், சிந்திய நெல்லையும் நத்தையையும் தேடித் தாராக் கூட்டத்தோடு வரும் வாத்துக்காரர். மற்றவர், இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து செம்மறிகளை ஓட்டிக்கொண்டு நடந்து வரும் கீதாரி. பகல் முழுதும் தரிசில் மேய்ந்த ஆடுகள் இரவில் ஏதேனும் ஒரு வயலில் அடைபட்டாக வேண்டும். அந்த அடைப்பைத்தான் கிடை என்கிறோம். கிடத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த எளிய சொல். ஆடு கிடக்கும் இடம். ஆட்டோடு மனிதனும் கிடக்கும் இடம்.

கரிசல் நிலத்துக் கிடையைக் கி. ராஜநாராயணன் ‘கிடை’ குறுநாவலில் எழுதியிருக்கிறார். நம் பக்கத்துக்கு வந்து போகிறவர்களின் வாழ்வைச் சு. தமிழ்ச்செல்வி ‘கீதாரி’ நாவலில் எழுதியிருக்கிறார். இலக்கிய வாசகர்களுக்கு இரண்டும் புதியவை அல்ல. நான் எழுத நினைப்பது அதைவிடச் சிறிய விஷயம். ஓர் இரவு தங்குவதற்கான இடத்தை அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அந்தத் தேர்வில் யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறது? கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்துகிறவனாகவும், குடவாசலுக்குத் தெற்கே ஆறு மா நிலத்துக்கு வாரிசாகவும் இருக்கிற எனக்கு இந்தக் கேள்வி 2022ஆம் ஆண்டு பங்குனியில் நேராகவே வந்து சேர்ந்தது.

முதலில் நிலக்காரனின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கிடை போடுவது தர்மம் அல்ல, உரம். மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவில் இருக்க, ஆட்டெருவில் அது ஏறத்தாழ மூன்று சதவீதம் என்கின்றன வேளாண் கையேடுகள். மணிச்சத்து ஒன்று, சாம்பல் சத்து இரண்டு. எருவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டினால் புழுக்கை மட்டுமே கிடைக்கும்; ஆடுகளையே வயலில் படுக்கவைத்தால் மூத்திரமும் மண்ணில் இறங்கும். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று எங்கள் தாத்தா தலைமுறை சொல்லிவந்ததன் பொருள் இதுதான். ஆட்டெரு விரைவில் கரைந்து அந்தப் போகத்துப் பயிருக்கே போய்ச் சேரும். அதனால்தான் ஒரு காலத்தில் இரவுக்கு இவ்வளவு நெல் என்று அளந்து கொடுத்துக் கிடையை அமர்த்தினார்கள். இப்போது பணமாகக் கொடுக்கிறோம்.

கீதாரி வந்ததும் நான் அவரை அழைத்துப் போய் நிறுத்தியது எங்கள் தாழ்ந்த தாக்கில். மேட்டுத்தாக்கு, தாழ்ந்த தாக்கு என்று எங்கள் நிலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தாழ்ந்த தாக்கில்தான் கடந்த சம்பாவில் பயிர் வெளுத்து நின்றது. எரு அங்கேதான் விழ வேண்டும் என்பது என் கணக்கு.

அவர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். ஐம்பதைக் கடந்த மனிதர். நடுப்பகல் வெயிலில் வயலின் நான்கு மூலைக்கும் நடந்தார். ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கிப் பார்த்தார். பிறகு வெடிப்பொன்றில் தன் கோலை இறக்கினார். அது அரை முழத்துக்கு மேல் உள்ளே போயிற்று.

“இந்தச் செய்யில குட்டி நிக்காதுங்க சார். ராத்திரி நரியோ நாயோ வந்து மிரண்டு ஓடுனா காலு உள்ள போயிரும். அப்புறம் அது காலே இல்ல” என்றார்.

டெல்டாவின் களிமண் தண்ணீர் வற்றினால் பாளம் பாளமாக வெடிக்கும் என்பதை அறியாதவன் அல்லன் நான். ஆனால் அந்த வெடிப்பை ஆட்டுக்குட்டியின் கால் அளவோடு பொருத்திப் பார்த்தவர் அவர்தான். அதன் பிறகு அவர் பார்த்ததையெல்லாம் நானும் கூடவே நடந்து பார்த்தேன். வாய்க்காலை ஒட்டிய ஓரத்தில் நத்தை ஓடுகள் கிடந்தன. அந்த ஓரத்துப் புல்லை ஆடு கடிக்கக் கூடாது என்றார். நத்தை இருக்கும் ஈர நிலத்தில் மேய்ந்த ஆட்டுக்கு ஈரலில் தட்டைப்புழு வரும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதைத்தான் அவர் தம் மொழியில் சொன்னார். ஈரம் காயாத இடத்தில் நான்கு இரவு கிடந்தால் குளம்பு அழுகும். மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறதா? அண்மையில் யாரேனும் பூச்சிமருந்து அடித்தார்களா? ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் எந்த நேரத்தில் வரும்? ஊர் நாய்கள் எத்தனை? தார்ச்சாலை எவ்வளவு தூரம்? வைக்கோல் போர் எந்தத் திசையில் இருக்கிறது, மாலைக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும்? கடைசிக் கேள்வி அடுப்புக்கானது. அவர்கள் சமைக்கும் மூன்று கல் அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தாலும் ஊரின் ஓராண்டு மாட்டுத் தீவனம் போய்விடும். அப்புறம் எந்த ஊரிலும் அவர்களால் கிடை போட முடியாது.

இறுதியில் அவர் தேர்ந்தது மேட்டுத்தாக்கு. மணல் கலந்த மண், வெடிப்புக் குறைவு, நீர் தேங்காது. என் கணக்குப்படி எரு தேவைப்படாத இடம் அது. நிலக்காரன் மண்ணின் பசியைப் பார்க்கிறான். கீதாரி ஆட்டின் காலைப் பார்க்கிறார். இரண்டு பார்வையும் ஒரே இடத்தில் வந்து நிற்பது அரிது. கிடை பேசுவது என்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்வதுதான். குட்டிகளையும் சினை ஆடுகளையும் மேட்டுத்தாக்கில் அடைப்பது, வளர்ந்த ஆடுகளைத் தாழ்ந்த தாக்கில் வெடிப்புக் குறைந்த பாதியில் வலை கட்டி அடைப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வோர் இரவும் வலையைப் பெயர்த்துப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் பல இரவு கிடந்தால் தழைச்சத்து மிஞ்சி, கதிர் வரும் காலத்தில் பயிர் சாய்ந்துவிடும். எத்தனை ஆடு, எத்தனை இரவு, எத்தனை குழி என்று அவர் விரலை மடக்கிப் போட்ட கணக்கில் ஒன்பது இரவுகள் வந்தன.

இடம் முடிவாகிவிட்டது என்று நான் நினைத்த வேளையில்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது. எங்கள் வயலுக்கு வர வேண்டுமானால் பக்கத்துக்காரரின் வயலைத் தாண்ட வேண்டும். அதில் உளுந்து காய் முற்றி நின்றது.

டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையோ பயற்றையோ தெளித்துவிடுவார்கள். நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீரின் மிச்ச ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். செலவு குறைவு, கையில் காசு. பக்கத்துக்காரர் குத்தகைக்குச் செய்பவர். நெல்லில் குத்தகை, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். உளுந்துதான் அவருடைய ஆண்டுக் கணக்கில் மகளின் கல்லூரிக் கட்டணம். அவர் என்னிடம் கோபமாகப் பேசவில்லை.

“ஆட்டு மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல தம்பி. பன்னெண்டு நாள்ல செடியைப் பிடுங்கிடுவேன். அதுவரைக்கும் ஒரு ஆடும் இந்த வரப்புல கால் வைக்கக் கூடாது. ஒரு வாய் கடிச்சா ஒரு செடி போச்சு. முந்நூறு ஆட்டுக்கு எத்தனை வாய்னு நீங்களே கணக்குப் போடுங்க.”

அந்தக் கணக்கில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கீதாரியும் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு நாள் காத்திருக்க அவருக்கும் இடமில்லை. முந்தைய ஊரில் பேசிய இரவுகள் முடிந்துவிட்டன. ஆடு ஓர் இரவுகூட எங்கும் கிடக்காமல் இருக்க முடியாது. பணம் கொடுத்து அழைக்கும் வயலுக்கு வழி இல்லை. வழி உள்ள இடங்களில் தங்க அனுமதி இல்லை. அன்று இரவு அவர்கள் தார்ச்சாலை ஓரத்தில் கிடந்ததாக மறுநாள் கேள்விப்பட்டேன். லாரிகள் வந்துபோகும் சாலையில், ஆண்களும் பெண்களும் முறைவைத்து விழித்திருந்து, முந்நூறு ஆடுகளைச் சாலைப் பக்கம் திரும்பாமல் காத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு நற்றிணையின் 142ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. இடைக்காடனார் பாடியது. வினை முடித்து மீளும் தலைவன் தேர்ப்பாகனிடம் பேசுவதாக அமைந்த முல்லைப் பாட்டு. மழைக்காலத்தின் கடைசி நாள். தீக்கடை கோலையும் பிற பொருள்களையும் தோலோடு சேர்த்துச் சுருட்டி, ஓலைப்பாயை முதுகில் இட்டுக்கொண்ட பால் விற்கும் இடையன் ஒருவன், உடம்பின் ஒரு பக்கத்தைத் தூறல் நனைக்க, கோலில் காலை ஊன்றி ஒடுங்கி நின்று சீழ்க்கை அடிக்கிறான். அந்த ஒலியைக் கேட்டு ஆட்டுக்கூட்டம் வேறு எங்கும் போகாமல் அங்கேயே இரவு தங்குகிறது. அத்தகைய முல்லை நிலத்தில்தான் தன் மனைவி இருக்கும் ஊர் உள்ளது என்கிறான் தலைவன். அவள் எப்படிப்பட்டவள்? நள்ளிரவே ஆனாலும் விருந்தினர் வந்தால் மகிழ்கிறவள்.

வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது இடையனைக் கருப்பொருள் என்றும், விருந்தோம்பலைத் தலைவியின் சிறப்பு என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்லிவிட்டுப் போவதே வழக்கம். தேர்வுக்கும் அது போதும். ஆனால் ஒரே பாட்டில் இந்த இருவரும் ஏன் அடுத்தடுத்து நிற்கிறார்கள் என்று சற்று நின்று பார்க்கலாம். ஒருவன் வெளியில் நனைந்தபடி தன் உயிர்களுக்கு இரவை ஏற்படுத்தித் தருகிறான். ஒருத்தி வீட்டுக்குள் இருந்தபடி வருகிறவர்களுக்கு இரவை ஏற்படுத்தித் தருகிறாள். தங்குவதற்குக் கோல் ஊன்றத் தெரிந்த ஒருவனும் வேண்டும், வரவை வெறுக்காத ஓர் ஊரும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கிடை இல்லை. நம் கீதாரிக்கு முதலாவது குறைவின்றி இருந்தது.

ஊர் மட்டும் வரவை வெறுத்ததா? அப்படியும் சொல்ல முடியாது. இந்த மண் வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த மண். மராட்டியர் காலத்தில் இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகச் சாலை நெடுகச் சத்திரங்கள் எழுந்தன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரமும் இன்றும் கண்ணுக்குத் தெரியும் சான்றுகள். சோழ நாட்டிலிருந்து சேதுவை நோக்கி நடந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும் கிடைத்தன. கீதாரிகள் வருவது அதன் எதிர்த்திசையில், சேதுச் சீமையிலிருந்து சோழ நாட்டை நோக்கி. அவர்களுக்கு யாரும் சத்திரம் கட்டவில்லை, தேவைப்படவும் இல்லை. ஏனென்றால் நிலமே அவர்களுக்குச் சத்திரமாக இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் ஊரின் இறையிலி நிலங்களைப் பட்டியலிடும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு ‘கன்று மேய்பாழ்’ என்றும் ஒன்று வரும். கன்றுகள் மேய்வதற்காக வரி நீக்கி விடப்பட்ட தரிசு அது. கோயில் நந்தாவிளக்குக்கு விடப்பட்ட ஆடுகளை ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூறு ஆடுகள், தஞ்சைப் பெரிய கோயிலில் தொண்ணூற்றாறு. மந்தையில் சாவதும் மூப்பதும் குட்டிகளால் ஈடுசெய்யப்பட்டு எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பது பொருள். அவற்றை ஏற்று நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தவர்களுக்குக் கல்வெட்டு தரும் பெயர் மன்றாடிகள். இன்றைய தமிழில் மன்றாடுதல் என்றால் கெஞ்சிக் கேட்பது. ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு எதையும் இதிலிருந்து நான் பெற விரும்பவில்லை. ஆனால் கீதாரி வரப்பில் நின்று பேசியதைப் பார்த்தவனுக்கு அந்தச் சொல் காதில் வேறு மாதிரி விழுகிறது.

வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் இன்றும் ஊர்தோறும் மேய்ச்சல் தரை, மந்தைவெளி, களம், வண்டிப்பேட்டை என்று புறம்போக்கு வகைகள் உண்டு. எங்கள் ஊரிலும் மந்தைவெளி என்ற பெயரில் ஒரு புல எண் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் நியாயவிலைக் கடையும் நிற்கின்றன. இரண்டும் ஊருக்கு வேண்டியவைதாம். மந்தை வருமானால் எங்கே நிற்கும் என்று அவற்றைக் கட்டும்போது ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மந்தை ஆண்டுக்கு மூன்று மாதம் மட்டும் வருவது. எழுந்து நின்று கேட்பதற்கு அதற்கு இந்த ஊரில் வாக்கும் இல்லை.

ஸ்பெயினில் மேய்ப்பர்களுக்கென ‘மெஸ்தா’ என்ற அமைப்பை 1273இல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ அங்கீகரித்தார். அது அதிகாரம் மிகுந்து, உழவர்களை வருத்திய காலமும் உண்டு. 1836இல் கலைக்கப்பட்டது. ஆனால் பாதைகள் கலைக்கப்படவில்லை. பெரிய மந்தைப் பாதைகளின் அகலம் ஏறத்தாழ 75 மீட்டர். 1995இல் அந்நாடு இயற்றிய சட்டம் இப்பாதைகளை விற்க முடியாத பொதுச்சொத்து என்று உறுதிசெய்ததோடு, வழியில் ஆடுகள் இளைப்பாறும் இடங்களையும் நீர் காட்டும் இடங்களையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. நடக்கும் வழியும் கிடக்கும் இடமும் பிரிக்க முடியாதவை என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரிவதற்குப் பக்கத்துக்காரரின் உளுந்து தேவைப்பட்டது.

வழியைக் கண்டுபிடித்தவர் கீதாரியின் மனைவி. எங்கள் வயலின் தலைமாட்டில் ஒரு கன்னி வாய்க்கால் ஓடுகிறது. மழைக்காலத்திலும் பாசனக் காலத்திலும் மட்டும் தண்ணீர், மற்ற நாள்களில் உலர்ந்த மண். அதன் கரை வண்டி போகும் அகலத்திலிருந்து ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கி வெகுகாலமாயிற்று. “கரையில வழியில்லேன்னா வாய்க்காலுக்குள்ளயே பத்திக்கிட்டு வந்துரலாமே” என்றார் அந்த அம்மாள். பக்கத்துக்காரர் சற்று நேரம் யோசித்தார். பிறகு தம் வயலை ஒட்டிய கரையில் தாமே கோலோடு நிற்பதாக ஒப்புக்கொண்டார். அன்று மாலை வாய்க்காலின் இரு கரைகளுக்கு நடுவே முந்நூறு ஆடுகளும் ஒற்றை ஓடையாக வந்து சேர்ந்தன. கரையில் பக்கத்துக்காரர், அவருடைய மகள், நான். ஓரிரு ஆடுகள் கழுத்தை உயர்த்தி உளுந்தை மோப்பம் பிடித்தன. கோல் அசைந்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தன.

ஒன்பது இரவுகளும் கிடை நடந்தது. ஓலையால் முடைந்து கவிழ்த்த குடாப்புகளில் பால்குட்டிகள், நைலான் வலைக்குள் ஆடுகள், வலைக்கு வெளியே நான்கு மூலைகளிலும் மனிதர்கள். குடாப்புகள் பழையவை, வலை புதியது. படல் கட்டிச் சுமந்த காலத்தைவிட வலை இலேசு என்றார் கீதாரி. முதல் நாள் எனக்குக் காட்டிய வெடிப்புகளின் மேல் அவரும் மனைவியும் வைக்கோலைப் பரப்பி மிதித்து அடைத்திருந்தார்கள். ஒரு குட்டிக்கும் கால் போகவில்லை. ஐந்தாம் நாள் பக்கத்துக்காரர் வந்து, செடி பிடுங்கிய பிறகு தம் வயலில் மூன்று இரவு போட முடியுமா என்று விசாரித்தார். முடியும் என்று சொல்லித் தேதியும் குறித்தார்கள். குத்தகை வயலில் எரு போடுவது யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பயிர் செய்கிறவனுக்கு நிலம் எப்போதும் தன்னுடையதுதான்.

அவ்வாண்டு மேட்டூர் அணை மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது. வழக்கமான நாள் ஜூன் 12. மே மாதத்தில் திறப்பது நாடு விடுதலை பெற்ற பின் அதுவே முதல்முறை என்று செய்தித்தாள்கள் எழுதின. ஊரே மகிழ்ந்தது, குறுவைக்குத் தண்ணீர் நேரத்தோடு வருகிறதென்று நானும் மகிழ்ந்தேன். கீதாரிக்கு அதே செய்திக்கு வேறு பொருள். சோழசூடாமணி ஆற்றில் தண்ணீர் வந்து, அங்கிருந்து கன்னி வாய்க்கால்களுக்கு ஏறிவிட்டால் அவருடைய வழி மூடிவிடும். தண்ணீர் இல்லாத காலத்தில் மட்டும் திறந்திருக்கும் வழி அது. ஆற்றுத் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டுவதற்குள் அவர்கள் தெற்கே நடந்துவிட்டார்கள். 2024இல் அணை திறந்தது ஜூலை 28 அன்று. அந்த ஆண்டு உழவர்கள் தவித்தார்கள். மந்தைகள் கூடுதல் நாள்கள் தங்கின. ஒருவருக்கு நல்லது மற்றவருக்குக் கெடுதல் என்று இதை முடித்துவிடக் கூடாது. இருவரும் ஒரே நிலத்தைக் காலம் பிரித்துக்கொண்டு பயன்படுத்துகிறார்கள். அந்தப் பிரிவினை எங்கும் எழுதப்படாமல் இருப்பதால்தான் நாள் மாறும்போதெல்லாம் உடைகிறது.

அதனால் எங்கள் ஊர்க் கிராம சபைக்கு ஒரு மனு எழுதினேன். ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக அறிவித்திருப்பதை அதில் முதல் வரியில் குறிப்பிட்டேன். பக்கத்துக்காரர் படித்துவிட்டு, அதை எடுத்துவிடச் சொன்னார். “உலகத்தையெல்லாம் எதுக்குத் தம்பி கூப்பிடுறீங்க? நம்ம வாய்க்காலப் பத்தி மட்டும் எழுதுங்க” என்றார். எடுத்துவிட்டேன். மீதமிருப்பவை மூன்று கோரிக்கைகள். மந்தைவெளிப் புல எண்ணில் கட்டடங்கள் போக எஞ்சிய இடத்தை அளந்து கல் நட வேண்டும். கன்னி வாய்க்காலின் ஒரு கரையையாவது பழைய அகலத்துக்கு மீட்க வேண்டும். உளுந்து பிடுங்கும் நாளும் கிடை வரும் நாளும் மோதாமல் இருக்க, மாசி மாதத்தில் ஒரு மாலை ஊர் கூடிப் பேச வேண்டும். இதில் மூன்றாவதற்குப் பணம் தேவையில்லை, அரசாணையும் தேவையில்லை.

மனுவில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. முதல் கையெழுத்து உளுந்துக்காரருடையது.